கமாண்டர் அழுத கதை

வேண்டியவரான்னா கேக்குறீக? இல்ல தம்பி. இந்தப் படத்துல சிரிச்சிக்கிட்டு இருக்காருல்ல, இவரு எனக்கு வேண்டாதவரு. இன்னைக்கு இவருக்கு நினைவுக் கூட்டம். வந்தவுக கையில எல்லாம் ஆளுக்கொரு அட்டை குடுத்தாக. தூக்கிப் போடலாம்னா கீழ வேத வசனம் போட்டிருக்கு. அதான் மடியில வச்சிக்கிட்டு வாரேன். நீங்க நல்லா சாஞ்சி உக்காருங்க. சாயல்குடி தாண்டுற வரைக்கும் இந்த வண்டியில கூட்டம் குறையாது.

பேரு கமாண்டர் ஞானதுரை. பாளையங்கோட்டையில இந்தப் பேரச் சொன்னா ஆட்டோக்காரன் வழி கேக்காமக் கொண்டுபோயி விடுறான். எழுபத்தொண்ணு சண்டையில, கடலுக்கு அடியில போற சப்மரீனுக்குத் தலைவரா இருந்தவரு. நாங்க அதப் போட்டுன்னுதான் சொல்லுவோம். அந்தப் போட்டுல நானும் இருந்தேன். சமையக்காரன். பேரு பூமிநாதன், பரமக்குடி. இத நானே சொன்னாத்தான் உண்டு. வேற ஒருத்தரும் சொல்ல மாட்டாக. அம்பது வருஷமா அந்தப் போட்டப் பத்திப் பேசுன ஒருத்தன் வாயிலயும் என் பேரு வந்ததில்ல. பத்திரிகையில ஒரு தடவ அதுல போன எல்லார் பேரையும் போட்டாக. என் மகன் அதக் கொண்டாந்து காட்டி, ‘எல்லாரு பேரும் இருக்கு, உங்க பேரு மட்டும் இல்லையேப்பா’ன்னு கேக்குறான். பெத்த புள்ளையே என்னையப் பொய்க்காரன்னு நெனச்சிட்டான். அதுக்குக் காரணம் இந்தச் சிரிக்கிற மனுசன்தான்.

இன்னைக்கு அத நாலு பேரு முன்னால சொல்லிரணும்னுதான் காலைல வண்டி ஏறுனேன். செத்தவரு வீட்டுல போயி என்ன வம்பு மாமான்னு மருமக தடுத்துச்சு. நான் கேக்கல. போனேன், சொல்லியும் போட்டேன்.

மொதல்ல அங்க என்ன பேசுனாகன்னு கேளுங்க. போதகர் பேசுனாரு. நேவியில இருந்து வந்த பெரிய ஆபீசரு ரெண்டு பேரு பேசுனாக. எல்லாரும் சொன்னது ஒரே கதை. எதிரிக் கப்பல் ஒண்ணு நேரா வந்து மாட்டுது. பெரிஸ்கோப்புல, அதான் தண்ணிக்கு மேல நீட்டிப் பாக்குற குழாயில, கமாண்டர் கண்ண வச்சிருக்காரு. அவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், டார்பிடோ பாஞ்சி கப்பல் ரெண்டாப் போயிரும். அந்த நேரத்துல அவரு கண்ணுல இருந்து தாரை தாரையாத் தண்ணி ஊத்துது. அந்தக் கப்பல்லயும் புள்ளகுட்டிக்காரன் இருப்பான்னு நெனச்சி, போகட்டும்னு விட்டுட்டாரு. ‘எதிரிக்காகக் கண்ணீர் விட்ட வீரர்’ன்னு பேனர்லயே போட்டிருந்தாக தம்பி. பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு அந்தத் தலைப்புல பேச்சுப் போட்டி வைக்கிறாகளாம்.

அவரு அழுகல. யாருக்காகவும் அழுகல. அது எங்க ஊரு முண்டு மிளகா.

சிரிக்காதீக. நெசமாத்தான் சொல்றேன்.

அந்தப் போட்டுக்குள்ள பகலும் கிடையாது, ராத்திரியும் கிடையாது. குளிக்கத் தண்ணி கிடையாது. எழுபது சொச்சம் ஆம்பளைக, எல்லாத்து மேலயும் டீசல் வாடை. கொண்டுபோன ரொட்டி பூசணம் பூத்துப் போச்சு. தகர டப்பாவுல அடைச்ச கறியும் காயும்தான் மிச்சம். அதையும் நான் வேகவச்சித்தான் குடுக்கணும். தண்ணிக்குள்ள முங்கியிருக்கும்போது எண்ணெய்ச் சட்டி அடுப்புல ஏறக் கூடாது, இது கமாண்டர் உத்தரவு. உள்ள இருக்குற காத்தத்தான் எல்லாரும் திருப்பித் திருப்பி இழுக்கணும், அதுல புகை சேந்தா போக வழி இல்லைம்பாரு. தாளிக்காத சமையல் ஒரு சமையலா? நீங்களே சொல்லுங்க. ஒரு சமையக்காரனப் பாத்து நீ தாளிக்காதன்னு சொல்றது எவ்வளவு பெரிய அவமானம்? அது அவருக்குத் தெரியல. அவருக்குக் கப்பல் மட்டும்தான் தெரியும்.

குட்டப்பன்னு ஒரு மலையாளத்துக்காரன் இருந்தான். எனக்கு நல்ல சிநேகம். காதுல ஒரு கருவிய மாட்டிக்கிட்டு, தண்ணிக்குள்ள வாற சத்தத்த வச்சே என்ன கப்பல், எவ்வளவு தூரத்துல வருதுன்னு சொல்றது அவன் வேலை. முங்கிட்டோம்னா அவன் காதுதான் போட்டுக்குக் கண்ணு. அவன் சாப்பாட்ட நிறுத்திட்டான். வாயில வச்சா கொமட்டுதுங்கிறான். கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. ஒரு நாளு என்கிட்ட வந்து, ஒரு வாய் ரசம் கிடைச்சாப் பொழச்சிக்கிருவேன் பூமின்னு சொல்றான். கேட்டா மனசு தாங்குமா? உத்தரவப் போட்டவரு அவனுக்கு என்ன செஞ்சாரு? நான்தான் பாக்க வேண்டியிருந்துச்சு.

என் பையில ஊருல இருந்து கொண்டுபோன முண்டு மிளகா கிடந்துச்சு. புளி இருந்துச்சு. கமாண்டரு பெரிஸ்கோப்ப விட்டு இந்தப் பக்கம் வர மாட்டாருன்னு எனக்குத் தெரியும். சட்டிய வச்சேன். கொஞ்சம் எண்ணெய், கடுகு. கடுகு வெடிக்கிற சத்தத்தக் கேட்டதும் எனக்கு உசுரே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு தம்பி. மிளகாயக் கிள்ளி ஒரு கை போட்டேன் பாருங்க, அந்த நேரம் பாத்தா உத்தரவு வரணும்? எதிரிக் கப்பல் வருது, சத்தம் கூடாது, காத்தாடிய எல்லாம் நிறுத்து, நின்ன எடத்துல நில்லு. அப்படி ஒரு உத்தரவு வந்துட்டா அசையக் கூடாது. ஒரு கரண்டி கீழ விழுந்தாலே மேல இருக்குறவனுக்குக் கேட்டுரும். நான் அசையல. உத்தரவுன்னா உத்தரவு. கரண்டு அடுப்பு, சூடு தணியல, சட்டி அது மேலயே இருக்கு. மிளகா என் கண்ணு முன்னாலயே கருகுது. கருகிட்டே இருக்கு.

மிளகா நெடி உங்களுக்குத் தெரியாததா? வீட்டுல நாலு ஜன்னலும் தொறந்து கிடந்தாலே பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்துருவா. அங்க ஜன்னலுக்கு எங்க போக? மொதல்ல ஒரு சர்தார் இருமுனான். போர்வைய வாயில அடைச்சிக்கிட்டு இருமுறான். பெறகு ஒவ்வொருத்தனா ஆரம்பிச்சிட்டான். துண்டக் கடிக்கிறான், மூக்கப் பிடிக்கிறான், தலகாணிக்குள்ள மொகத்தப் பொதைக்கிறான். குட்டப்பனுக்குத் தும்மல். காதுல இருந்ததக் கழத்தி வச்சிட்டு வாயப் பொத்திக்கிட்டுத் தும்முறான். கமாண்டரு பெரிஸ்கோப்புல கண்ண வைக்கிறாரு, தொடைக்கிறாரு, திருப்பி வைக்கிறாரு, திருப்பித் தொடைக்கிறாரு. அந்தக் கப்பலு அவருக்கு ரெண்டாத் தெரிஞ்சிச்சோ, நாலாத் தெரிஞ்சிச்சோ. கடைசியில குழாய எறக்கிட்டு ஆழத்துக்குப் போகச் சொல்லிட்டாரு. வாரக்கணக்காக் காத்துக் கிடந்த கப்பலு அது பாட்டுக்குப் போயிருச்சு.

நல்லா யோசிச்சிப் பாருங்க. காத்தாடிய நிறுத்துனது யாரு? நானா? காத்தாடி ஓடியிருந்தா அவ்வளவு காரம் ஏறியிருக்காது. இத இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் அவருகிட்டக் கேக்கல.

தூரமாப் போயி மேல வந்து காத்த மாத்துன பெறகு சமையக்கட்டுக்கு வந்தாரு. கண்ணு ரெண்டும் ரத்தமாச் செவந்திருக்கு. கருகுன சட்டியப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. நான் வெறச்சிப்போயி நிக்கிறேன். ‘யாருக்கு?’ன்னு கேட்டாரு. குட்டப்பனுக்கு சார், சாப்பிட மாட்டேங்கிறான்னு சொன்னேன். ‘அவனுக்குக் கஞ்சி வச்சிக் குடு’ன்னுட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான்.

ஆனா கரை வந்ததும் என்ன செஞ்சாரு தெரியுமா? மொத ஆளா என்னைய எறக்கி விட்டாரு. மத்தவுக எல்லாம் உள்ள இருக்காக, நான் மட்டும் மூட்டையத் தூக்கிக்கிட்டு வெளிய போகணும். மறுநாளே கரையில இருக்குற மெஸ்ஸுக்கு மாத்திட்டாரு. சப்மரீன்ல ஓடுனவன் நெஞ்சுல டால்பின் மீன் போட்ட பேட்ஜ் குத்துவான் தம்பி. அதக் குத்திக்கிட்டு நடந்தா மத்த நேவிக்காரன் ஒதுங்கி வழி விடுவான். இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருந்தா எனக்கும் வந்திருக்கும். வரல. தண்டனை குடுத்திருந்தாலாவது இப்படி ஒருத்தன் அதுல இருந்தான்னு எங்கயாச்சும் பதிஞ்சிருக்கும். அதுவும் குடுக்கல. கப்பல் ஏன் தப்பிச்சிச்சுன்னு மேலதிகாரிக விசாரிச்சப்ப, ‘விட்டுரலாம்னு நான்தான் முடிவு பண்ணேன்’னு சொல்லியிருக்காரு. என் பேரும் இல்ல, என் மிளகாயும் இல்ல. ஆளையே அழிச்சிட்டாரு.

அப்ப அவர யாரும் கும்பிடல, அதையும் சொல்லிர்றேன். கை நடுங்கிருச்சு, கோழைப் பயன்னுதான் பேசுனாக. நான் மெஸ்ஸுல பரிமாறிக்கிட்டே, ‘கடலுக்கு அடியில போயிக் குளிச்சிட்டு வந்தவரு’ன்னு ஒரு பேரு வச்சேன். மெஸ்ஸே இடிஞ்சி விழுற மாதிரி சிரிச்சாக. அந்தப் பேரு கொச்சி, பம்பாய்னு எல்லாத் துறைமுகத்துக்கும் போயிருச்சு. அவருக்கு மெடல் கிடையாது. கமாண்டருக்கு மேல ஒரு படி ஏத்தல. அப்படியே வேலைய முடிச்சிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்து உக்காந்துட்டாரு. எனக்கு மனசு குளுந்துச்சு, மறைக்க என்ன இருக்கு?

ஒரு தடவ அவரு வீட்டுக்கே போயிருக்கேன். போட்ட விட்டு என்னைய ஏன் சார் எறக்குனீகன்னு நேராவே கேட்டேன். ‘உனக்குக் கரைதான் பத்திரம், பூமிநாதா’ன்னாரு. எனக்கு எது பத்திரம்னு முடிவு பண்ண இவரு யாரு? அவரு வீட்டம்மா சாப்பிட்டுத்தான் போகணும்னு எலையப் போட்டுட்டாக. மீன் குழம்பு, நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பிட்டுட்டு, வெளிய வந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவரத் திட்டிக்கிட்டே நடந்தேன்.

பெறகு காலம் மாறிப் போச்சு. அன்னைக்குப் பெரிஸ்கோப் பக்கத்துல நின்ன ஒரு சின்ன ஆபீசரு, பெரிய பதவிக்கெல்லாம் போயிட்டு, ஒரு பத்திரிகைக்காரன்கிட்ட அந்தக் கண்ணீரப் பத்திச் சொல்லியிருக்கான். நெடியச் சொல்லல, கண்ணீர மட்டும் சொல்லியிருக்கான். மிச்சத்தப் பத்திரிகைக்காரனே ரொப்பிக்கிட்டான். அன்னையில இருந்து கோழைங்கிற பேரு போயி, மகான் ஆயிட்டாரு. மாலைங்கிறாக, பொன்னாடைங்கிறாக. இவரு எந்த மேடைக்கும் போகல. எப்பக் கூப்பிட்டாலும் உடம்பு சரியில்லைன்னுருவாராம். தன்னடக்கம்னு இன்னைக்குக்கூட ஒருத்தரு உருகுனாரு. அது தன்னடக்கம் இல்ல தம்பி, திமிரு.

சரி, கூட்டத்துக்கு வாரேன். பேசி முடிச்சதும் போதகர், கமாண்டரோட போன பழைய ஆளுக யாராவது ரெண்டு வார்த்தை பேசலாம்னாரு. முன் வரிசையில ஒம்பது பேரு உக்காந்திருக்காக. எல்லாம் கெழடு, எல்லாத்து நெஞ்சுலயும் டால்பின். குட்டப்பன் சக்கர நாற்காலியில இருக்கான். நான் கடைசி வரிசை. அவுக யாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னால நான் வெறுவெறுன்னு போயி மைக்கப் பிடிச்சிட்டேன்.

‘ஐயா, இவரு அழுகல. நான் மிளகா தாளிச்சேன். அந்த நெடியில வந்த தண்ணி அது. கப்பல விட்டது இவரு இல்ல. என்னாலதான் அது தப்பிச்சிச்சு. அந்தப் போட்டுல நானும் இருந்தேன்.’

இம்புட்டுத்தான் சொன்னேன். போதகர் என்னையப் பாக்குறாரு, பேனரப் பாக்குறாரு. அம்பது வருஷமா நெஞ்சுல கிடந்த பாரம் எறங்கிருச்சு தம்பி. எவனாவது மறுத்துப் பேசட்டும்னு நிக்கிறேன்.

யாரும் மறுக்கல. முன் வரிசையில இருந்த கெழடுக ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டாக. குட்டப்பன்தான் கைய நீட்டி என்னையக் கூப்பிட்டான். கண்ணுல தண்ணி நிக்குது. ‘எடா பூமி, நாங்க எல்லாரும் இத்தன வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தோம். நீயே வந்து போட்டு ஒடச்சிட்டியேடா’ன்னான்.

எனக்கு ஒண்ணும் புரியல. அவன்தான் சொன்னான். அன்னைக்கு என்னைய எறக்கி அனுப்பிட்டு, கமாண்டரு மத்த எல்லாரையும் உள்ளயே நிக்கவச்சிப் பேசியிருக்காரு. சண்டை நேரத்துல உத்தரவ மீறுனவன்னு தெரிஞ்சா இவன நேவிக் கோர்ட்டுல நிறுத்துவாக, வருஷக்கணக்கா ஜெயில்ல கிடப்பான், பசிச்சவனுக்குச் சோறு போடப் பாத்தான், வேற என்ன செஞ்சான்னு கேட்டிருக்காரு. இவன் பேரு ஒருத்தன் வாயிலயும் வரக் கூடாதுன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் கையில அடிச்சிச் சத்தியம் வாங்கியிருக்காரு. அந்தச் சின்ன ஆபீசரும் சத்தியம் பண்ணவன்தானாம். எல்லார் பேரையும் பத்திரிகைக்குச் சொன்னவன், என் பேர மட்டும் வேணும்னே விட்டிருக்கான். சர்தாரு, வங்காளி, மராட்டி, ஒரு பயலும் பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடலயாம். முக்காவாசிப் பேரு அப்படியே செத்தும் போயிட்டாக.

பாத்தீகளா தம்பி? எழுபது பேரு சேந்து ஒருத்தன ஏமாத்தியிருக்காக. என்கிட்ட ஏன்டா சொல்லலன்னு குட்டப்பன்கிட்டக் கேட்டேன். ‘உனக்குத் தெரிஞ்சா நீயே நேராப் போயி நான்தான்னு நிப்பேன்னு சாரு சொன்னாரு’ங்கிறான். என்னையப் பத்தி அம்புட்டுத் தெரியுமா அவருக்கு? நான் கஞ்சியும் வேகவச்ச காயும் குடுத்த ஆளு. என்கிட்ட அவரு பேசுனதே நாலு வார்த்தை.

அதோட விட்டிருந்தாக்கூட நான் சண்டை போட்டுட்டு வந்திருப்பேன். அவரு மக வந்துச்சு. ஷீலான்னு பேரு, அறுபது வயசு இருக்கும், டீச்சரா இருந்து ஓய்வு வாங்குன பொண்ணு. திட்டப் போகுதுன்னு நெனச்சேன். அதுக்கு நான் தயாராத்தான் இருந்தேன். அது சத்தமே போடல.

‘வைசாக்ல குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப, ஸ்கூல் பஸ்ல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க அங்கிள். கோழையோட மகள்னு தள்ளி விடுவாங்க. அப்பாகிட்ட அழுவேன். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, தலையத் தடவிக் குடுப்பாரு. அப்பாவக் கோழைன்னு சொன்னப்ப நீங்க இதச் சொல்ல வரல. நல்லவருன்னு சொல்றப்ப மட்டும் ஏன் அங்கிள் வந்தீங்க?’

என்ன கேள்வி தம்பி இது? இதெல்லாம் ஒரு கேள்வியா? நான் சமையக்காரன். ஆபீசருக விவகாரத்துல எனக்கு என்ன வேலை? காத்தாடிய நிறுத்துனது யாருன்னு கேட்டிருக்கலாம். யாரக் கேட்டு என்னையக் காப்பாத்துனாருன்னு கேட்டிருக்கலாம். எல்லாம் நாக்கு நுனியில நின்னுச்சு.

பெறகு போட்டோ எடுக்கப் பழைய ஆளுகள வரிசையா நிக்க வச்சாக. குட்டப்பன் தன் பக்கத்துல எடத்தக் காட்டி, இது உன் எடம்டா, வந்து நில்லுங்கிறான். மத்த கெழடுகளும் வா, வான்னு கூப்பிடுதுக. இதுக்குத்தானே நான் இத்தன வருஷம் அலைஞ்சது? ஆனா அந்தப் பொண்ணு எதுக்க நின்னு பாத்துக்கிட்டு இருக்கு. அது பாக்குற எடத்துல என்னால நிக்க முடியல. நான் வரலைன்னுட்டு வெளிய வந்துட்டேன்.

அதுக்காக நான் அவர மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீக. நல்லது செஞ்சாரோ கெட்டது செஞ்சாரோ, என்கிட்டக் கேக்காமச் செஞ்சாரு. அது தப்பு. அன்னைக்கே அந்தச் சட்டியத் தூக்கி என் மண்டையில ஒண்ணு போட்டிருக்கணும். நானும் ஜெயிலுக்குப் போயிட்டு வந்து, நிம்மதியா ஒரு கடையப் போட்டிருப்பேன். அந்தப் புள்ளையும் பஸ்ஸுல யாரு பக்கத்துலயாவது உக்காந்து போயிருக்கும். இப்பத் திரும்பிப் போயி யார்கிட்டச் சண்டை போட? ஆளு போயிட்டாரு.

நான் வாசல் தாண்டும்போது அந்தப் பொண்ணு பின்னாலயே வந்து, சாப்பிடாமப் போறீங்க அங்கிள்னு இந்தப் பொட்டலத்தக் கையில திணிச்சிட்டுப் போச்சு. நீங்க பிரிச்சிச் சாப்பிடுங்க தம்பி. எனக்கு எறங்காது.